சிங்கப்பூரில் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈசூன், உட்லண்ட்ஸ், செங்காங் என்று இதுவரை நான்கு வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டேன். முதல் வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தில் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடித்துக்கொண்டார்கள். சமையல் மேடைக் கல்லின் ஓரத்தில் ஒரு விரிசல். நாங்கள் குடிவந்த நாளிலேயே அது இருந்தது. என் மனைவி பார்த்துச் சொன்னாள், நானும் பார்த்தேன், ஆனால் படம் எடுக்கவில்லை, யாருக்கும் எழுதவுமில்லை. இரண்டு ஆண்டு கழித்து, "அது முன்பே இருந்தது" என்ற எங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது.

அதற்குப் பிறகு வீடு தேடி வரும் நண்பர்கள், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் என்று பலர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்கறை வீடு என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் மூன்று படுக்கையறைதான் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது நாம் வீவக என்று சொல்வதன், கணக்கில் ஹாலும் ஓர் அறை. மூவறை வீட்டில் இரண்டு படுக்கையறை, நான்கறை வீட்டில் மூன்று. ஐந்தறை வீட்டிலும் பெரும்பாலும் மூன்றுதான்; ஹாலும் சாப்பிடும் இடமும் விசாலமாக இருக்கும். தனியார் அடுக்குமாடியான கொண்டோமினியத்தில் அப்படியில்லை, படுக்கையறையை மட்டுமே எண்ணுவார்கள்.

கொஞ்சம் புதிய வீடுகளில் கனத்த சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை இருக்கும். எல்லாரும் பாம் ஷெல்டர் என்பார்கள். அது சாமான் வைக்கும் அறை. கட்டும்போதே படுக்கையறையாகக் கட்டப்பட்ட அறைகளைத்தான் வீவக வீட்டில் வாடகைக்கு விடலாம். அந்த அறையையோ ஹாலில் பலகை அடித்துத் தடுத்த மூலையையோ "ரூம்" என்று காட்டி வாடகை கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

முதல் நாளில் கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை முன்பணமாக வாங்குவது இங்குள்ள வழக்கம். சட்டம் அல்ல, வழக்கம். அதோடு முதல் மாத வாடகையையும் முன்கூட்டியே தரவேண்டும். வாடகை 2,800 வெள்ளி, ஈராண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,400 வெள்ளி அப்போதே போய்விடும். முத்திரை வரி சுமார் 268 வெள்ளி. முகவரை நீங்களே அமர்த்தியிருந்தால் அவருடைய கமிஷன் தனி. கமிஷனுக்குச் சட்டத்தில் அளவு எதுவும் கிடையாது, பேசித் தீர்மானிப்பதுதான். "உங்களுக்கு யார் பணம் தருவார்கள், எவ்வளவு?" என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வீடு பிடித்துப்போன பிறகு கேட்டால் பேரம் பேச மனம் வராது.

மின்சாரம், தண்ணீர் கணக்குக்கும் ஒரு வைப்புத்தொகை உண்டு. ஊரிலிருந்து வரும் முதல் மாதமே இத்தனையும் சேர்ந்து வரும் என்பதால், முடிந்தால் முதல் சில மாதம் ஓர் அறையில் தங்கிப் பணம் சேர்த்துக்கொண்டு பிறகு வீடு எடுங்கள். தனியாக வந்தவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வீவக வீட்டில் அறைக்கும் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் என்பதை மறக்காமல் திட்டமிடுங்கள். தனியார் வீட்டில் மூன்று மாதம். அதற்குக் குறைவாக யார் தந்தாலும் அது விதிமீறல்.

வீவக வீடு எல்லாருக்கும் கிடைக்குமா?

சுற்றுலா விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்காரர் வீவகவிடம் விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது ஆறு மாதமாவது அனுமதி மிச்சமிருக்கவேண்டும். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, ரசாயனத் தொழிற்சாலை ஆகிய துறைகளில் வொர்க் பெர்மிட் என்ற வகை அனுமதியில் இருப்பவர்களில் மலேசியர்கள் மட்டுமே வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். இந்தியாவிலிருந்து அந்தத் துறைகளுக்கு வந்த தம்பிகளிடம் யாராவது வீவக அறைக்குப் பணம் வாங்கினால், பிடிபடும் நாளில் பாதிக்கப்படுவது வாங்கியவர் மட்டுமல்ல.

முழு வீட்டை எடுப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரரும் மலேசியரும் அல்லாதவர்களுக்கு முழு வீடு விடுவதற்கு அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அந்த புளோக்கில் எண்ணிக்கை நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் விரும்பினாலும் உங்களுக்குத் தரமுடியாது. அறை எடுப்பதற்கு இந்த வரம்பு இல்லை. ஆகவே வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, இந்த புளோக்கில் இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி முகவரிடம் கேளுங்கள். கேட்காமல் மூன்று வீடு பார்த்து, மூன்றும் கைநழுவிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஒப்பந்தக் காலத்துக்கும் எல்லை இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மூன்று ஆண்டு வரை, மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை.

"இந்தியர்களுக்கு இல்லை" என்கிறார்களே, என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வலியோடுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே விளம்பரத்தைப் போட்டிருந்தார்கள். இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரங்களை முகவர்கள் போடக்கூடாது என்று அவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவர் மன்றம் வழிகாட்டியிருக்கிறது. அப்படி எழுத்தில் பார்த்தால் படம் பிடித்து மன்றத்துக்குப் புகார் அனுப்புங்கள். அடுத்து வருபவருக்கு அது உதவும்.

வீட்டுக்காரர்களின் தயக்கம் பல நேரம் சமையலைப் பற்றியது. எண்ணெய்ப் பிசுக்கு, தாளிக்கும் வாசனை, மஞ்சள் கறை. அதற்கு நேரடியாகப் பதில் சொல்வது பலன் தந்திருக்கிறது. "தினமும் சமைப்போம். புகைபோக்கியை மாதம் ஒருமுறை கழுவுவோம். காலி செய்யும்போது ஆள் வைத்துச் சமையலறையைச் சுத்தம் செய்து ரசீது தருவோம்" என்று குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பினேன். செங்காங் வீடு அப்படிக் கிடைத்ததுதான். பொய் மட்டும் சொல்லாதீர்கள். "சமைக்க மாட்டோம்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு இரண்டு ஆண்டு பயந்துகொண்டு சாம்பார் வைப்பது ஒரு வாழ்க்கையா?

முகவர் உண்மையானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு முகவருக்கும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால் பெயரும் படமும் வரும். அங்கே பதிவாகியிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மோசடிக்காரர்கள் உண்மையான முகவரின் பெயர் அட்டையை அப்படியே காட்டுவார்கள், தொலைபேசி எண் மட்டும் வேறாக இருக்கும்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் பணம் கேட்டால் அது மோசடிதான். "இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், பேநவ் மூலம் பணம் அனுப்பினால் உங்களுக்கு எடுத்துவைக்கிறேன்" என்ற வசனத்தை நம்பி ஊரில் நகையை அடகு வைத்த பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வீவக வீட்டு வாடகை, முன்பணம் எதையும் முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடி தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரே முகவர் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்து வேலை செய்யக்கூடாது. "நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அவர் வீட்டுக்காரர் பக்கம் நிற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்ஓஐ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அது ஒப்பந்தமா?

ஒப்பந்தத்துக்கு முந்தைய விருப்பக் கடிதம். அதோடு ஒரு மாத வாடகையையும் கேட்பார்கள். பின்னர் அது முன்பணத்தில் சேர்ந்துவிடும். உங்கள் கோரிக்கைகளுக்கு இடம் இந்தத் தாள்தான். மெத்தை மாற்றவேண்டும், சுவருக்கு வண்ணம் அடிக்கவேண்டும், ஏர்கானை ரசாயனம் போட்டுக் கழுவித் தரவேண்டும், ஹால் சோபாவை எடுத்துவிடவேண்டும், எல்லாவற்றையும் இதில் எழுதுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பிவரும் என்பதும் இதில் இருக்கவேண்டும். வாயால் "அதெல்லாம் செய்துவிடலாம் அண்ணே" என்று சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

ஒப்பந்தம் பதினைந்து பக்கம் இருக்கிறது. எதைக் கட்டாயம் படிக்கவேண்டும்?

முழுவதையும் படியுங்கள். நேரமில்லை என்றால் நான்கு இடங்களில் மட்டுமாவது நிதானமாக நில்லுங்கள்.

முதலாவது, டிப்ளமேட்டிக் கிளாஸ் என்ற பிரிவு. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ நடுவில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை. பொதுவாக 12 மாதம் முடிந்த பிறகு, இரண்டு மாத அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம் என்றிருக்கும். அதாவது எப்படியும் 14 மாத வாடகை உங்கள் பொறுப்பு. வேலை அனுமதியை நம்பி இருக்கும் நமக்கு இந்த ஒரு பத்தி இல்லாத ஈராண்டு ஒப்பந்தம் பெரிய ஆபத்து. ஆட்குறைப்பும் அதில் அடங்கும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சில ஒப்பந்தங்களில் இடமாற்றம் மட்டுமே இருக்கும். இந்த உரிமையைப் பயன்படுத்தினால் வீட்டுக்காரர் கொடுத்த கமிஷனில் ஒரு பங்கை நீங்கள் திருப்பித் தரவேண்டும் என்றும் சேர்த்திருப்பார்கள். அது வழக்கமானதுதான்.

இரண்டாவது, சிறு பழுதுகள். ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 150 அல்லது 200 வெள்ளி வாடகைக்காரர் தரவேண்டும், மேலே ஆவதை வீட்டுக்காரர் ஏற்பார் என்பது பரவலான ஏற்பாடு. 300, 400 என்று போட்டிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். பழைய துணி துவைக்கும் இயந்திரமும் பழைய ஃபிரிட்ஜும் உள்ள வீட்டில் இந்தத் தொகை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வரும். தண்ணீர்க்குழாய், மின்கம்பி, ஏர்கானின் வெளி இயந்திரம் போன்றவை உங்கள் தவறில்லாமல் கெட்டால் முழுச் செலவும் வீட்டுக்காரருடையது என்று எழுதியிருக்கவேண்டும். குடிபுகுந்த முதல் 30 நாளில் வரும் எந்தப் பழுதும் அவர் பொறுப்பு என்ற வரியும் அவசியம்.

மூன்றாவது, ஏர்கான் பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் செய்யவேண்டும் என்றிருக்கும். ரசீதுகளை ஒன்றுவிடாமல் சேர்த்துவையுங்கள். ஒரு ரசீது விட்டுப்போனாலும் கடைசியில் ஏர்கான் பழுது முழுவதும் உங்கள் தலையில் விழும்.

நான்காவது, முன்பணம் திரும்பும் நாள். பெரும்பாலும் 14 நாள் என்றிருக்கும். நாள் குறிப்பிடாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற சொற்களும் இருக்கவேண்டும். இரண்டு ஆண்டு வாழ்ந்த சுவர் மங்குவதற்கு நீங்கள் பணம் கட்டவேண்டியதில்லை.

சொத்து முகவர் மன்றத்தின் இணையத்தளத்தில் ஒரு மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

முத்திரை வரி யார் கட்டவேண்டும்?

வாடகைக்காரர்தான். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மேலே சொன்ன 2,800 வெள்ளி வாடகைக்கு 24 மாதத்தில் 67,200 வெள்ளி, அதனால்தான் 268. இங்கே கையெழுத்தான நாளிலிருந்து 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்டலாம். தாமதமானால் அபராதம். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாகாது, ஆகவே இந்தப் பணம் உங்கள் பாதுகாப்புக்கானது. முகவர் கட்டியதாகச் சொன்னால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

சாவி வாங்கிய நாளில் என்ன செய்யவேண்டும்?

சாமான் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். வீடு காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மறுபடி கிடைக்காது. பகல் வெளிச்சத்தில் போங்கள், கூட ஒருவரை அழைத்துப்போங்கள். இரண்டு கண் பார்க்காததை நான்கு கண் பார்க்கும்.

முதலில் வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நடந்து, பேசிக்கொண்டே காணொளி எடுங்கள். பிறகு ஒவ்வொரு குறையையும் அருகே ஒன்று, தள்ளி நின்று ஒன்று என்று இரண்டு படம். அருகே எடுத்த படத்தில் எந்த அறை என்று தெரியாது, அதற்காகத்தான் இரண்டாவது. சமையல் மேடைக் கல்லின் ஓரங்கள், தொட்டியின் அடிப்பக்கம், அலமாரிக் கதவின் கீல்கள், குளியலறைத் தரையின் ஓடுகள், மெத்தையைத் தூக்கி அதன் மறுபக்கம், திரைச்சீலையின் கீழ்விளிம்பு, மரத்தரையில் நாற்காலி இழுத்த கோடுகள், ஜன்னல் கைப்பிடிகள். இந்த இடங்களில்தான் பின்னால் சண்டை வரும்.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வடிகிறதா பாருங்கள். சுடுநீர் இயந்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஏர்கானை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், தண்ணீர் சொட்டுவது அப்போதுதான் தெரியும். துணி துவைக்கும் இயந்திரத்தை வெறுமையாக ஒரு சுற்று விடுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுங்கள். எத்தனை சாவி, எத்தனை ரிமோட், எத்தனை நுழைவு அட்டை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று இரவே எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வீட்டுக்காரருக்கும் முகவருக்கும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாது, கைப்பேசி மாறினால் போய்விடும். "இன்று சாவி பெற்றபோது வீடு இந்த நிலையில் இருந்தது" என்ற ஒரு வரியும் படங்களும் போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பிய நாள் பதிவாகியிருக்கும். முதல் வீட்டில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். அடுத்த மூன்று வீடுகளிலும் செய்தேன், மூன்றிலும் முன்பணம் முழுதாகத் திரும்பியது.

மின்சாரம், தண்ணீர், முகவரி மாற்றம்?

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எஸ்பி குழுமத்தில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்கவேண்டும். குடிபோகும் நாளுக்குச் சில நாள் முன்பே விண்ணப்பியுங்கள். குழாய் எரிவாயு உள்ள வீடு என்றால் அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் முகவரியை மாற்றவேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் உடனே நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

காட்டலாம், கொடுத்துவைக்கக் கூடாது. வாடகைக்கு விடுபவர் உங்கள் அனுமதி அட்டையின் அசலைப் பார்த்து, பாஸ்போர்ட்டுடன் ஒப்பிட்டு, அனுமதி செல்லுபடியாகிறதா என்று அரசிடம் சரிபார்க்கவேண்டியது அவருடைய சட்டக் கடமை. ஆகவே கேட்டதற்காகக் கோபப்படவேண்டாம். அதேபோல் அவருக்கு வாடகைக்கு விட வீவக அனுமதி கிடைத்ததா, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். சிங்பாஸ் என்ற அரசு மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலம் வீவக இணையத்தளத்தில் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு மற்ற அறைகளைத் தருகிறார். பிரச்சினையா?

பிரச்சினைதான். அறைகளை மட்டும் விடுபவர் அந்த வீட்டிலேயே வசிக்கவேண்டும். ஓர் அறையைப் பூட்டிவிட்டு வேறு இடத்தில் வாழ்ந்துகொண்டு, "சோதனைக்கு வந்தால் நானும் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வீடு அவர் கையைவிட்டுப் போனால் நீங்களும் தெருவில் நிற்பீர்கள்.

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாடகையைப் பங்கிடலாமா?

எல்லார் பெயரும் ஒப்பந்தத்திலும் வீவக பதிவிலும் இருந்தால் பங்கிடலாம். மூவறை வீட்டில் ஆறு பேர் வரை. நான்கறை அல்லது அதைவிடப் பெரிய வீட்டில், 2024 ஜனவரி 22 முதல் தற்காலிக ஏற்பாடாக எட்டுப் பேர் வரை. குழந்தைகளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. நீங்கள் எடுத்த வீட்டில் ஓர் அறையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுப் பணம் வாங்கக் கூடாது.

பால் காய்ச்சலாமா? சாமி படம் மாட்டலாமா?

தாராளமாகப் பால் காய்ச்சுங்கள். சாம்பிராணி போடும்போது கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி வேண்டும். ஒட்டும் கொக்கி கனமான கண்ணாடிப் படத்தைத் தாங்காது. ஒரு சின்ன அலமாரி வாங்கி அதன்மேல் வைப்பது நல்லது. வாசலில் கோலம் போட்டால் பொது நடைபாதை வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரின் வட்ட முள் செருகி இங்குள்ள சதுர ஓட்டைக்குப் பொருந்தாது. பாதுகாப்பு முத்திரை உள்ள மாற்றுச்செருகி வாங்குங்கள். தரைமேல் நேராக வைக்காமல் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். இரவு பத்தரை மணிக்குமேல் அரைக்காதீர்கள். கீழ்வீட்டில் அந்த அதிர்வு நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கேட்கும். மஞ்சள் பட்ட மேடையை அப்போதே துடையுங்கள், வெள்ளைக் கல்லில் ஒரு இரவு இருந்தால் ஊறிவிடும்.

காலி செய்த பிறகு முன்பணம் வரவில்லை. என்ன வழி?

கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், அது ஒப்பந்த மீறலாகி உங்கள் பக்க நியாயத்தைக் கெடுத்துவிடும்.

சாவியைத் திருப்பித் தரும் நாளில் வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து, குறை ஏதும் இருந்தால் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுபடியும் காணொளி எடுங்கள். குறித்த நாள் கடந்தும் பணம் வராவிட்டால், பிடித்த தொகைக்கு ரசீதுகளும் விவரமும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் இந்தக் கட்டத்திலேயே தந்துவிடுவார்கள்.

அப்படியும் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, உங்களுக்கும் இல்லை அவருக்கும் இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம், முதல் நாள் அனுப்பிய மின்னஞ்சல், ஏர்கான் ரசீதுகள், வாடகை கட்டிய வங்கிப் பதிவுகள், கடைசி நாள் காணொளி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள்.